உரிமை இழந்தோர் யாவர் என உலகறிய உரைத்தவர்: திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்

மனித உரிமை மாந்தராய்ப் பிறந்தார் அனைவர்க்கும் பொதுவானது. ஆயினும் அவ்வுரிமை பறிபோகும் இடர் அனைவர்க்கும் ஒரே அளவில் நேர்வதில்லை. ஐப்பசி மழை ஊரிலுள்ள எல்லா வீடுகளின் மீதும் பெய்தாலும், ஓலை மக்கிய கூரைதான் முதலில் ஒழுகும். எந்தக் கூரை ஒழுகும் கூரை எனக் கண்டு சொல்வதே காப்பு முயற்சியின் முதற்படியாகும்.

ஐக்கிய நாடுகள் அவை 1948 டிசம்பர் 10 ஆம் நாள் மனித உரிமைகள் பற்றிய உலகப் பேரறிக்கையை ஏற்றது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, இலண்டன் மாநகரில் கூடிய வட்டமேசை மாநாட்டில், ஒடுக்கப்பட்ட மக்களின் பேராளர் இருவர் ஒரு வினாவுக்கு எழுத்து வடிவில் விடை அளித்தனர். விடுதலை பெறவிருக்கும் இந்தியாவில் எம்மக்களின் உரிமை மிகுந்த இடரில் உள்ளது, அது ஏன், அதற்குக் காப்பு யாது என்பதே அவ்வினா. பேராளருள் ஒருவர் அண்ணல் அம்பேத்கர். மற்றவர் தமிழ்நாடு ஈன்ற இரட்டைமலை சீனிவாசனார்.

அப்பெரியார் இளமையில் பயின்றது நம் கோயம்புத்தூரில். ஆகவே கொங்கு நாட்டு மக்களாகிய நமக்கு அவர்பால் தனி உறவு உண்டு. நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில் அன்னாரின் வரலாற்றை நினைவு கூர்வது பொருத்தமுடையது. அவரைப் புகழ்வதோடு நில்லாமல், அவர் காட்டிய அளவுகோலைக் கையில் எடுத்து, இன்று நம் ஊர்களில் எவர் கூரை ஒழுகுகிறது எனப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்வியும்

1857 ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சி அடங்கிய சில ஆண்டுகளுக்குள், செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் சீனிவாசனார் பிறந்தார். தந்தையார் பெயர் சடையன். சாதிக் கொடுமை தாளாது அக்குடும்பம் பிறந்த மண்ணை விட்டுத் தஞ்சைக்கும், பின்னர்க் கோவைக்கும் குடிபெயர்ந்தது.

கோவைக் கலாசாலையில் அவர் பயின்ற காலத்தில், அங்கிருந்த ஏறத்தாழ 400 மாணவருள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணர் எனத் தம் வாழ்க்கைக் குறிப்பில் அவர் எழுதியுள்ளார். தம் குலமும் குடும்பமும் உறைவிடமும் உடன் பயில்வோர்க்குத் தெரிந்துவிடின் இழிவாக நடத்துவரே என்ற அச்சம் அச்சிறுவனை வாட்டியது. எனவே பள்ளி தொடங்கும் வரை வெளியே எங்கேனும் அமர்ந்து படித்திருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். வகுப்பு முடிந்தவுடன் பிறர் தம்மை வந்து எட்டாதபடி விரைந்து வீடு சேர்வார். மாணவர் சேர்ந்து விளையாடும் விளையாட்டும் அவருக்கு இல்லாமற் போயிற்று.

அப்பள்ளியின் கதவு அவருக்குச் சட்டப்படி அடைக்கப்பட்டிருக்கவில்லை. கட்டணம் செலுத்தியவர் எவரும் பயிலலாம். அடிபட்டதாகவோ துரத்தப்பட்டதாகவோ அவர் கூறவுமில்லை. எனினும் தம் பெயரையும் தெருவையும் கூற அஞ்சி ஒருவன் நாள்தோறும் ஒளிந்து வாழ நேர்வது உரிமைப் பறிப்பே ஆகும். அதனை எந்தப் பதிவேடும் குறிக்காது. எந்த அலுவலரும் விசாரிக்கமாட்டார். கண்ணுக்குத் தெரியாத இவ்வகைப் பறிப்பைப் பிறர் காணும்படி செய்வதே பின்னாளில் அவருடைய வாழ்நாட்பணி ஆயிற்று.

கல்வி கற்ற பின் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றினார். 1887 இல் அரங்கநாயகி அம்மையாரை மணந்தார். நீலகிரியில் வாழ்ந்த அறிஞர் அயோத்திதாசப் பண்டிதர் இவருக்கு நெருங்கிய உறவினர்; இவருடைய உடன்பிறந்தாளை மணந்தவர். உறவால் நெருங்கிய இவ்விருவரும் பின்னர்த் தனித்தனி வழியில் தம் மக்களுக்குத் தொண்டாற்றினர். 1890 இல் சீனிவாசனார் சென்னைக்கு வந்தார். ஊர் ஊராகச் சென்று தம் மக்களின் நிலையை நேரில் கண்டறிந்தார்.

அவர் பிறந்த செங்கற்பட்டு மாவட்டத்தின் நிலையை அக்காலத்து ஆட்சியர் திரமென்கீர் 1891 இல் அரசுக்கு அறிக்கையாக எழுதினார். உழவுத் தொழிலாளர் குடியிருந்த மனையே அவர்க்குச் சொந்தமில்லை. மிராசுதாரர் நினைத்தால் குடிசையைப் பிரித்து எறியலாம். தரிசு நிலம் கேட்டு விண்ணப்பிக்கும் துணிவு எவர்க்கும் வாராது. இவ்வறிக்கையின் பயனாகவே 1892 இல் பஞ்சமி நிலம் வழங்கும் அரசாணை பிறந்தது. உரிமை மறுப்பவனின் மண்ணிலேயே குடிசை இருக்கும்போது உரிமை கேட்கும் நா எழாது என்னும் உண்மையை ஆங்கில ஆட்சியர் ஒருவர் எழுதி வைத்தார். அதே உண்மையைத் தம் சொந்த வாழ்விலிருந்து அறிந்தவர் சீனிவாசனார்.

பெயரை மறைக்காத இதழ்

1891 இல் பறையர் மகாசன சபையை நிறுவினார். 1893 அக்டோபரில் ஓர் இதழைத் தொடங்கினார். அவ்விதழுக்கு அவர் சூட்டிய பெயர் பறையன் என்பது. கற்றோர் பலர் திகைத்தனர். சொந்த மக்களுள்ளும் சிலர் நாணினர். கோவையில் பெயரை மறைத்து வாழ்ந்த மாணவன் சென்னையில் அப்பெயரையே தலைப்பாக அச்சிட்டு விற்றான் எனின், இடையில் நேர்ந்த மனமாற்றம் எத்துணைப் பெரிது என எண்ணிப் பாருங்கள். உரிமை கேட்பவன் தான் யார் என்பதை முதலில் அச்சமின்றிச் சொல்ல வேண்டும். பெயரை மறைத்துக் கேட்கும் உரிமை அப்பெயருடைய மக்களைச் சென்று சேராது என்பது அவர் கொள்கை. திங்கள் இதழாய்த் தொடங்கி வார இதழாய் வளர்ந்த பறையன் 1900 வரை வெளிவந்தது.

அவ்விதழ் தொடங்கிய காலத்தில் ஒரு பெரும் விவாதம் நாட்டில் எழுந்தது. இந்திய ஆட்சிப் பணிக்கான தேர்வை இங்கிலாந்தில் மட்டுமின்றி இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்தவேண்டும் எனக் காங்கிரசு கோரியது. 1893 சூனில் பிரித்தானியப் பொதுமக்கள் அவையும் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் இயற்றியது. சீனிவாசனார் அதனை எதிர்த்தார். 1893 டிசம்பரில் சென்னை இராயப்பேட்டையில் கூட்டம் கூட்டி, 3412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள மனுவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்.

இதனைக் கொண்டு அவரை வெள்ளையர் ஆட்சிக்குத் துணை நின்றவர் எனப் பழித்தோர் உண்டு. பழி கூறுமுன் அவர் எழுப்பிய வினாவை எண்ணல் வேண்டும். அந்நாளில் அத்தேர்வு எழுதும் அளவுக்குக் கல்வி பெற்றிருந்தோர் மேல்தட்டுச் சாதியினரே. ஊரில் கிணற்றை மறுப்பவரின் உறவினரே மாவட்டத்தில் ஆட்சியராய் அமர்ந்தால், கிணறு மறுக்கப்பட்டவன் தன் முறையீட்டை எவரிடம் கொண்டு செல்வான்? இதுவே அவர் வினா. அவருடைய எதிர்ப்பு முறையில் குறை காண்போர் இருக்கலாம். ஆனால் முறையீட்டைக் கேட்கும் இடத்தில் அமர்பவர் யார் என்பது உரிமைக் காப்பில் தலையாய செய்தி என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை.

கடல் கடந்த வாழ்வு

1900 இல் இங்கிலாந்து செல்லும் எண்ணத்துடன் கப்பலேறிய சீனிவாசனார், ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் தங்க நேர்ந்தது. பின்னர்த் தென்னாப்பிரிக்கா சென்று, அங்கு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். காந்தியடிகளுடன் அங்குப் பழகினார்; அடிகள் தமிழில் கையொப்பமிடப் பழகியது தம்மால் என்றும் குறிப்பிட்டுள்ளார்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோருள் தமிழர் பெருந்தொகையினர். கரும்புத் தோட்டமே அவர்க்கு உழைக்கும் இடமும் உறைவிடமும் ஆயிற்று. முதலாளியின் அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறினால் தண்டனை. ஒப்பந்தம் முடிந்தும் நாடு திரும்பாதோர் மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதிக்கப்பட்டது. நாட்டின் மொழி அறியாத தொழிலாளிக்கு நீதிமன்றத்தில் வாயும் செவியுமாய் இருந்தவர் மொழிபெயர்ப்பாளரே. சாதியால் ஒடுக்கப்பட்டோர் நிலையும், நாடு விட்டு நாடு வந்து மொழியறியாது உழலும் கூலியின் நிலையும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கியவை என்பதைக் காண இதனினும் தக்க இடம் வேறில்லை.

1924 ஆம் ஆண்டுத் தீர்மானம்

இருபது ஆண்டளவு வெளிநாட்டில் கழித்து, 1920களின் தொடக்கத்தில் தாயகம் திரும்பினார். அதற்குள் நாட்டு அரசியல் மாறியிருந்தது. மாகாணச் சட்டமன்றங்களில் ஒடுக்கப்பட்டோர் சிலர் நியமன உறுப்பினராய் இடம்பெறத் தொடங்கியிருந்தனர். பெருந்தலைவர் எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால் 1922 இல் ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசு ஏற்றது. 1923 இல் சீனிவாசனாரும் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராய் நியமிக்கப்பெற்றார்.

1924 இல் அவர் அவையில் கொண்டுவந்த தீர்மானம் அவர் பெயரை என்றும் நிலைநிறுத்துவது. எந்த நகரிலும் சிற்றூரிலும் உள்ள பொதுச்சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் எவ்வகுப்பினரும் நடப்பதற்குத் தடையில்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம், பொதுப்பணி நடைபெறும் கட்டடம் ஆகியவற்றில் சாதி இந்துக்கள் நுழையும் அளவிலும் முறையிலும் ஆதிதிராவிடரும் நுழையலாம் என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசு அதனை ஆணையாக வெளியிட்டது. வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்துகொண்டிருந்ததும் அதே ஆண்டில்தான்.

அத்தீர்மானத்தின் சொல்லமைப்பை நோக்குக. தாழ்த்தப்பட்டோரை முன்னேற்றுக எனப் பொதுவாக அது வேண்டவில்லை. சாலை, தெரு, பாதை, கிணறு, குளம், அலுவலகம் என அடைக்கப்பட்ட கதவுகளை ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லி எண்ணியது. உரிமை இழந்தோர் யாவர் என அறிய வேண்டுமாயின் எந்தக் கதவு எவர்க்கு அடைக்கப்பட்டுள்ளது எனப் பட்டியல் இடுக என்பதே அதன் பாடம். இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 15 ஆம் பிரிவில் கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை என வரும் பட்டியலைப் படிப்போர் சீனிவாசனார் தீர்மானத்தை நினையாதிருக்க இயலாது.

வட்டமேசை மாநாட்டில்

ஆணை வெளிவந்தது; ஆனால் ஊர்க் கிணறுகள் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்ற வினாவுக்கான விடையைத்தான் 1930 நவம்பரில் தொடங்கிய முதல் வட்டமேசை மாநாட்டுக்கு அண்ணல் அம்பேத்கரும் சீனிவாசனாரும் எடுத்துச் சென்றனர். நாடெங்கும் பல கோடியினராய் இருந்த ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அங்கிருந்த பேராளர் இவ்விருவரே. மன்னர் ஐந்தாம் ஜார்ஜைக் கண்டபோது, தீண்டாமை என்பது யாது என மன்னர் வினவ, எம்மவன் ஒருவன் தெருவில் விழுந்து கிடப்பினும் மேற்சாதியார் தொட்டுத் தூக்கமாட்டார் எனச் சீனிவாசனார் விளக்கினார் என்பர்.

இருவரும் கூட்டாக அளித்த அறிக்கை எட்டு நிபந்தனைகளைக் கொண்டது. சமக் குடியுரிமை, அவ்வுரிமையைத் தடையின்றித் துய்த்தல், பாகுபாட்டிலிருந்து காப்பு, சட்டமன்றங்களில் போதிய இடம், அரசுப் பணிகளில் போதிய இடம், நலன் புறக்கணிக்கப்படின் முறையிட்டுத் தீர்வு பெறும் வழி, தனித் துறையின் கவனிப்பு, அமைச்சரவையில் இடம் என்பன அவை.

இவற்றுள் இரண்டாம் நிபந்தனையில் அடங்கிய ஒரு பகுதி நம் கருத்துக்கு உயிரானது. ஏட்டில் உரிமை இருந்தும் ஏழை அதனைப் பயன்படுத்த இயலாமைக்கு வன்முறை பற்றிய அச்சம் ஒரு காரணம். அதனினும் வலிய காரணம் ஊர்விலக்கு. கிணற்றில் நீர் எடுத்தான் என்பதற்காக அவனுக்கு வேலை நிறுத்தப்படும். கடையில் பொருள் விற்கமாட்டார். குத்தகை நிலம் பிடுங்கப்படும். வீதியில் நடக்கும் வழி அடைபடும். அடிக்காமலும் வையாமலும் ஒரு தெருவையே பட்டினியிட்டுப் பணிய வைத்துவிடலாம். எனவே ஊர்விலக்குச் செய்வதும், அதற்குத் தூண்டுவதும், அதைக் காட்டி மிரட்டுவதும் தண்டனைக்குரிய குற்றங்களாகச் சட்டத்தில் வரையறுக்கப்பட வேண்டும் என அவர்கள் கேட்டனர். பர்மாவில் 1922 இல் இயற்றப்பட்ட ஊர்விலக்குத் தடைச் சட்டத்தை முன்மாதிரியாகவும் காட்டினர்.

எவர் உரிமை மிகுந்த இடரில் உள்ளது என்ற வினாவுக்கு அவ்வறிக்கையில் நாம் காணும் விடை இதுவே. வறுமை ஒன்றே அடையாளம் அன்று. எண்ணிக்கையில் சிறுமையும் அடையாளம் அன்று. எவருடைய உரிமையை மறுப்பவர் கையிலேயே அவருடைய சோறும் இருக்கிறதோ, எவருடைய முறையீட்டைக் கேட்பவரும் மறுப்பவருக்கு உறவினராய் இருக்கிறாரோ, அவரே முதலிற் காக்கப்பட வேண்டியவர்.

இவ்விருவரும் இலண்டனில் வாதாடிய அதே 1930 டிசம்பரில், தமிழகத்தின் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி அணியலாகாது, ஆடவர் முழங்காலுக்குக் கீழ் ஆடை உடுத்தலாகாது, சட்டை அணியலாகாது, முடி வெட்டிக்கொள்ளலாகாது, மண்கலம் அன்றி வேறு கலம் வைத்திருக்கலாகாது, பெண்டிர் மேலாடை அணியலாகாது, பூச்சூடலாகாது, குடையும் செருப்பும் கொள்ளலாகாது. மறுத்தோரின் குடிசைகள் எரிந்தன. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுத்தறியலாகாது என்பதும் அவற்றுள் ஒன்று. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் இக்கொடுமை பதிவாகியுள்ளது. கல்வியைத் தடை செய்தவர் எதற்கு அஞ்சினர் என்பதைக் கல்விக் கழகம் நடத்தும் நாம் எளிதில் உணரலாம்.

எவர் என அறுதியிடல்

காப்பு வேண்டும் என்பதை ஏற்றவுடன் அடுத்த சிக்கல் எழுந்தது. காப்புக்குரியோர் எவரெவர்? 1931 கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இதற்குச் சில உரைகற்களை வகுத்தார். தூய பிராமணர் அவர்க்குப் புரோகிதம் செய்கின்றனரா? நாவிதரும் தையற்காரரும் அவர்க்குப் பணி செய்கின்றனரா? அவர் தொட்டால் தீட்டு எனப்படுமா? அவர் கையால் நீர் வாங்குவரா? சாலை, ஓடம், கிணறு, பள்ளி ஆகியன அவர்க்குத் தடையா? கோயில் தடையா? அவருள் நன்கு கற்றவர் ஒருவரை, அதே கல்வியுடைய மேற்சாதியார் சமமாய் நடத்துவரா? இவ்வாறு சென்றன அவ்வினாக்கள். இவற்றுள் இறுதியில் காட்டிய வினா கோவைக் கலாசாலையில் ஒளிந்து வாழ்ந்த மாணவனின் வினாவே அன்றோ! கல்வி பெற்ற பின்னும் நீங்காத இழிவே தீண்டாமையின் திட்டவட்டமான அடையாளம்.

1932 இல் வாக்குரிமைக் குழு இப்பணியை மேற்கொண்டபோது, எங்கள் மாகாணத்தில் தீண்டப்படாதோர் மிகச் சிலரே எனச் சாதித்தோர் வடநாட்டில் பலர். இடங்கள் பங்கிடப்படும் வேளையில், கொடுமைக்குள்ளானோர் தொகையையே குறைத்துக் காட்டும் முயற்சி அது. தொகையில் இல்லாதவர்க்கு இடமும் இல்லை. ஆகவேதான் பெயரை மறையாது சொல்லுங்கள், பதிவு செய்யுங்கள் என 1893 முதல் சீனிவாசனார் வற்புறுத்தியது எத்துணைத் தொலைநோக்குடையது என்பது விளங்கிற்று.

1932 ஆகஸ்டில் வெளிவந்த வகுப்புவாரித் தீர்ப்பு ஒடுக்கப்பட்டோர்க்குத் தனித்தொகுதி வழங்கியது. காந்தியடிகள் எரவாடாச் சிறையில் உண்ணாநோன்பு மேற்கொண்டார். செப்டம்பர் 24 ஆம் நாள் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. அதில் கையொப்பமிட்டோருள் சீனிவாசனாரும் ஒருவர். தனித்தொகுதி நீங்கிக் கூட்டுத்தொகுதி வந்தது. மாகாணச் சட்டமன்றங்களில் ஒதுக்கப்பட்ட இடங்கள் 148 ஆயின. அவற்றுள் சென்னை மாகாணத்துக்கு 30. எண்ணிக்கை மிகுந்தது, தம் பேராளரைத் தாமே தேர்ந்தெடுக்கும் வலிமை குறைந்தது என்ற மனக்குறை இன்றளவும் பேசப்படுகிறது. 1936 இல் பட்டியல் சாதிகள் ஆணை வெளிவந்தது. பட்டியல் என்னும் சொல் அன்று முதல் நம் வாழ்வோடு இணைந்தது.

இறுதிக் காலமும் பின் வந்த சட்டங்களும்

அரசு சீனிவாசனாருக்கு 1926 இல் ராவ் சாகிப், 1930 இல் ராவ் பகதூர், 1936 இல் திவான் பகதூர் என்னும் பட்டங்களை அளித்தது. 1939 இல் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். முதுமையிலும் ஓயாது உழைத்த அப்பெருமகனார் 1945 செப்டம்பர் 18 ஆம் நாள் சென்னையில் இயற்கை எய்தினார். 2000 ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

நாடு விடுதலை பெறுவதைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் அவர் கேட்டவை ஒவ்வொன்றாய்ச் சட்டமாயின. அரசமைப்பின் 17 ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955 இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. 1976 இல் அது திருத்தப்பெற்றுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. 1989 இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சமூக, பொருளாதார விலக்கு விதிப்பதும் அதனைக் காட்டி மிரட்டுவதும் வன்கொடுமைகளுள் ஒன்றாக வெளிப்படையாய்ச் சேர்க்கப்பட்டது 2015 ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். அது 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. இலண்டனில் இருவர் கேட்டதற்கும் அச்சொற்கள் இச்சட்டத்தில் ஏறியதற்கும் இடையே 85 ஆண்டுகள். மூன்று தலைமுறை மக்கள் அவ்விடைவெளியில் வாழ்ந்து மடிந்தனர் என்பதை நினைக்க நெஞ்சு கனக்கிறது.

இன்று நம் கடமை

சீனிவாசனாரின் வாழ்விலிருந்து சில வினாக்களை நாம் திரட்டிக் கொள்ளலாம். எந்தக் கதவு எவர்க்கு அடைபட்டுள்ளது? அதை அடைப்பவர் கையில் அவருடைய பிழைப்பும் உள்ளதா? அவருடைய முறையீட்டைக் கேட்பவர் யார்? முடிவு செய்யும் அவையில் அவருள் ஒருவர் உண்டா? தம் பெயரையும் தெருவையும் கூற அஞ்சுவோர் எவர்? இவ்வைந்து வினாக்களையும் காங்கேயம் வட்டாரத்தில் கேட்டுப் பார்ப்போம்.

நம் கொங்கு நாட்டில் மின்விசை இறைப்பி வருமுன் எருது பூட்டிக் கவலை இறைத்தனர். அதற்குரிய தோற்பறியைத் தைத்தவர் அருந்ததியர். அவர் தைத்த பறி கிணற்றுள் இறங்கி நீர் மொண்டது. அவரோ அக்கிணற்றடியை அணுகலாகாது. நிலமும் இல்லை, கல்வியும் இல்லை, பட்டியல் சாதிகளுக்குள்ளும் பின்தங்கிய நிலை. இதனை ஆய்ந்தே 2009 இல் தமிழ்நாடு அரசு 18 விழுக்காட்டுள் 3 விழுக்காட்டை அருந்ததியர்க்கு உள் ஒதுக்கீடாக அளித்துச் சட்டம் இயற்றியது. 2024 ஆகஸ்டு 1 ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் எழுவர் அமர்வு, பட்டியலுக்குள் உட்பிரிவு செய்வது அரசமைப்புக்கு இசைந்ததே எனத் தீர்ப்பளித்தது. இது குறித்து நம்மவருள் கருத்து வேறுபாடு இருக்கலாம். எனினும் மேலோர் நம்மைக் கேட்க மறுத்த வினாவை நம்முள் இளையோர் நம்மை நோக்கிக் கேட்கும்போது, செவிமடுப்பது நம் கடனாகும்.

2018 இல் அவினாசியை அடுத்த திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்மணி சமைக்கலாகாது என ஆதிக்கச் சாதிப் பெற்றோர் சிலர் எதிர்த்தனர். அவரை இடம் மாற்றும் ஆணை பிறந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பின் அவ்வாணை விலக்கிக் கொள்ளப்பட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாயிற்று. அவர் அரசு ஊழியர். சட்டம் அவர் பக்கம் இருந்தது. இருந்தும் முதலில் அசைக்கப்பட்டவர் அவரே. சாதியால் ஒடுக்கப்பட்டவருள் பெண்ணாய்ப் பிறந்தவர்க்கு இடர் இரட்டிப்பு என்பதற்கு இச்சான்று போதும். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், மேற்சாதிப் பெண்ணை மணந்த நம் இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. சாதி கடந்து மணம் புரிவோரும் இடர்மிக்கோர் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர்.

இனி நூற்பாலைகளையும் பனியன் ஆலைகளையும் நோக்குவோம். மூன்றாண்டு முடிவில் திருமணத்துக்கென மொத்தத் தொகை தருவதாகக் கூறிச் சிற்றூர்ப் பெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம் என்னும் முறை இப்பகுதி அறியாததன்று. ஊதியம் பிறர் கையில் நின்றது. உறைவிடமும் அவர் கையில். வெளியே செல்லும் வாயிலின் திறவுகோலும் அவர் கையில். செங்கற்பட்டுக் குடிசையும் நேட்டால் தோட்டமும் வடிவம் மாறி வந்ததுபோல் இல்லையா? ஒடிசா, பீகார், சார்க்கண்டு மாநிலங்களிலிருந்து வந்து திருப்பூரில் உழைப்போர்க்கும் மொழி அறியா இடர் உண்டு. நம்முன்னோர் நேட்டாலில் எந்நிலையில் நின்றனரோ அந்நிலையில் அவர் ஈண்டு நிற்கின்றனர். அவரை இகழ்வது நம் வரலாற்றையே இகழ்வதாகும். மலமள்ளும் இழிதொழிலைத் தடுக்க 1993 இலும் 2013 இலும் சட்டங்கள் வந்த பின்னரும், கழிவுத் தொட்டிகளில் இறங்கி மூச்சடைத்து மடிவோர் பெரும்பாலும் எத்தெருவைச் சேர்ந்தோர் என்பதை எவரும் அறிவர்.

இவர்கள் அனைவரும் வேறு வேறு மக்கள். ஆயினும் ஐந்து வினாக்களுக்கும் இவர்பால் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே. எனவே நம் கல்விக் கழகம் அடுத்துவரும் ஆண்டுகளில் மூன்று பணிகளை மேற்கொள்ளலாம்.

முதலாவது, ஊர்தோறும் ஒரு குறிப்பேடு. கோயில், முடிதிருத்தகம், தேநீர்க் கடை, இடுகாட்டுப் பாதை, குடிநீர்க் குழாய் ஆகியவற்றுள் எது எவர்க்கு அடைபட்டுள்ளது என நம் மாணவரே கண்டு எழுதட்டும். 1924 ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் பட்டியலை நம் காலத்துக்கு ஏற்பப் புதுப்பிப்பதே அது.

இரண்டாவது, முறையீட்டுக்குத் துணை. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று திங்களுக்கு ஒருமுறை கூட வேண்டும். பாதிக்கப்பட்டோர்க்கு நிவாரணத் தொகையும் பாதுகாப்பும் பெறும் உரிமை உண்டு. வன்கொடுமைக்கெதிரான தேசிய உதவி எண் 14566. இச்செய்திகளைப் படித்தவர் படியாதவர்க்குச் சொல்லிக் கொடுத்தலும், காவல் நிலையத்துக்கு உடன் செல்லுதலும் பெருந்தொண்டாகும்.

மூன்றாவது, நம் அவைகளிலேயே பெண்டிர்க்கும் அருந்ததியர்க்கும் ஏனைச் சிறு பிரிவினர்க்கும் உரிய இடம். தம்மவர் இல்லாத அவையில் தம் நலன் காக்கப்படும் என நம்பி இருக்கலாகாது என்பதற்காகவே சீனிவாசனார் வாழ்நாள் முழுதும் வாதாடினார். அவ்வளவுகோல் நமக்கும் பொருந்தும்.

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! நம் பிள்ளைகள் எவரும் தம் தெருவின் பெயரை மறைத்துப் பயிலும் நிலை வேண்டா. தம்மினும் எளியவன் வகுப்பில் தனித்து அமர்ந்திருப்பின் அவன் அருகில் சென்று அமரும் நெஞ்சுரம் அவர்க்கு வேண்டும். இவ்விரண்டையும் ஊட்டும் கல்வியே சீனிவாசனாருக்கு நாம் எழுப்பத்தக்க நினைவுச் சின்னம். அப்பணியில் இளைஞர் முன்வருக, முதியோர் வழிகாட்டுக.